கார்மேகத்தின் வலது பின்னங்கால்

மணி அடித்துவிட்டார்கள். போகலாம்டா கார்மேகம், அவசரமில்லை, மணி நமக்காகத்தான் அடித்திருக்கிறது, நாம் போகாமல் எதுவும் தொடங்கிவிடாது. மூச்சை விடு ஜுலைகா. நீ மூச்சைப் பிடித்தால் அவனும் பிடிப்பான், நீ பல்லைக் கடித்தால் அவன் தாடை இறுகும், நீ பயந்தால் அவன் முதுகு பலகையாகிவிடும். ஒரு குதிரையிடம் உடம்பால் பொய் சொல்லவே முடியாது என்பதுதான் இந்த வித்தையின் சங்கடம், இதன் பெருமையும் அதுதான். ஒலிபெருக்கியில் அந்தப் பெங்களூர்ப் பெண் நம் பெயரைச் சொல்கிறாள், ரைடர் ஜுலைகா பேகம், ஹார்ஸ் கர்மேகம் என்கிறாள், கர்மேகமாம், கர்மமும் மேகமும் சேர்ந்த மாதிரி, சிரிப்பு வருகிறது, சிரி, சிரித்தால் தோள் இறங்கும். இரண்டு நாளாக நாம்தான் முதலிடம். இன்று இந்த ஒரு ஆட்டம் நல்லபடி முடிந்தால் தேசியக் கோப்பை நம்முடையது. அறுபதைத் தாண்டிய ஒருத்தி, பந்தய லாயம் உதவாது என்று கழித்துவிட்ட ஒரு குதிரை, இந்த இரண்டு பேருக்கு. பந்தலுக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறவர்களில் பாதிப்பேர் நாம் சறுக்குவதைப் பார்க்கத்தான் வந்திருப்பார்கள், வரட்டும், அவர்களும் கண்ணை எடுக்காமல் பார்க்கத்தான் போகிறார்கள். வெள்ளை வேலியைச் சுற்றி வருகிறோம், தண்ணீர் தெளித்த மணல், குளம்பு இறங்கும்போது பொத்துப் பொத்தென்று ஈரச் சத்தம். டிரெஸாஜ் என்றால் என்னவென்று ஆனைமலையில் எங்கள் பண்ணைக்குப் பால் ஊற்றுகிறவர் ஒரு நாள் கேட்டார். "குதிரை டான்ஸுங்களா?" என்றார். "டான்ஸ் இல்லைங்க, மேய்ச்சல்ல தனியா சந்தோசமா இருக்கறப்ப அது எப்படி நடக்குதோ, அதே மாதிரி நான் மேல உக்காந்திருக்கறப்பவும் நடக்கணும், அவ்வளவுதான்" என்றேன். "அதுக்குப் போயி இத்தனை வருசமுங்களா?" என்றார். ஆமாம். அதற்குத்தான் இத்தனை வருடம்.

நடுக்கோடு. நேராக, இன்னும் நேராக, கோட்டைப் பார்க்காதே, கோட்டின் முடிவில் உட்கார்ந்திருக்கிற தலைமை நடுவரைப் பார். நில். நின்றுவிட்டான். நான்கு கால்களும் நான்கு மூலையில் மேஜை மாதிரி நிற்கின்றன என்பதைக் குனிந்து பார்க்காமலே தொடை சொல்லிவிடுகிறது. நான் லகானை இழுக்கவில்லை, மூச்சை மட்டும்தான் நிறுத்தினேன், அதற்கே நின்றுவிட்டான், இதை எத்தனை பேர் கவனித்தார்களோ, கவனிக்காவிட்டால் போகட்டும், எனக்குத் தெரியும். இடது கையில் லகான், வலது கையைத் தொங்கவிட்டு, தலை குனிந்து வணக்கம். நடுவர் மேடையில் ஹாலந்திலிருந்து வந்திருக்கும் வெள்ளைக்கார அம்மாள் எழுந்து தலையசைக்கிறார். நெஞ்சுக்குள் ஏதோ பொங்குகிறது, இதுதான் பெருமை, அம்மா இருந்தால் அதட்டியிருப்பாள், "பெருமை அல்லாவோட போர்வை, அதைப் புடிச்சு இழுக்காதடி" என்பாள். நான் இழுக்கவில்லை அம்மா, ஓரத்தில் கொஞ்சம் ஒதுங்கிக்கொள்கிறேன், அவ்வளவுதான். அத்தாவுக்கு அந்தப் பயமெல்லாம் கிடையாது. திண்டுக்கல்லில் பூட்டுக்கடை வைத்திருந்தவர், கடைக்கு வருகிற எல்லோரிடமும், "ராவுத்தர்னா குதிரை வீரன்னு அர்த்தம் தெரியும்ல, எங்க வம்சத்துல யாரும் குதிரையைத் தொட்டு நூறு வருசமாச்சு, இப்ப எம் பொண்ணு தொட்டுட்டா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். போ கார்மேகம், டிராட். டிராட் என்றால் இரண்டு தாளம், குறுக்கே ஒரு முன்னங்காலும் ஒரு பின்னங்காலும் சேர்ந்து இறங்கும், பிறகு அடுத்த ஜோடி, நடுவே ஒரு இமைப்பொழுது நான்கும் அந்தரத்தில். அந்த அந்தரத்துக்காகத்தான் நான் உயிரோடு இருக்கிறேன் என்று எப்போதாவது தோன்றும். இவனை முதலில் பார்த்த அன்று இவன் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தான், வாயின் இரண்டு ஓரமும் கடிவாள இரும்பு தின்று தின்று வெளுத்துத் தடித்திருந்தது. லாயத்து மேலாளர் சொன்னார், "மேடம், இதைக் கல்யாண ஊர்வலத்துக்குக்கூட விக்க முடியாது, பேண்டு சத்தம் கேட்டா ஆளைக் கொன்னுடும்." நான் இவனுடைய காதை மட்டும் பார்த்தேன். ஒரு காது சுவரிலும் ஒரு காது என் மேலும் இருந்தது. ஒரு காதாவது நம் பக்கம் இருந்தால் போதும், மீதியைப் பேசிக்கொள்ளலாம். முதல் வருடம் முழுவதும் வாயில் இரும்பே வைக்கவில்லை. கொட்டடியில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து செய்தித்தாளைச் சத்தமாக வாசிப்பேன், மழை நிலவரம், மந்திரி பேச்சு, எதற்கும் திரும்பமாட்டான், கிரிக்கெட் செய்தி வாசிக்கும்போதுதான் ஒரு நாள் முகத்தைக் கொண்டுவந்து என் தோளில் வைத்தான். என்ன கனம் அந்தத் தலை. என் தோள்பட்டை கடுத்தது, நான் அசையவில்லை, விளையாட்டுப் பக்கம் முடிந்து, விளம்பரங்களையும் வாசித்தேன்.

இப்போது வலது பக்கமாகப் பக்கவாட்டு நடை. முன்னாலும் போக வேண்டும், பக்கத்திலும் போக வேண்டும், கால்கள் கத்தரிக்கோல் மாதிரி ஒன்றை ஒன்று தாண்ட வேண்டும், மேலே இருக்கிறவள் தாண்டும் பக்கத்தில் கனமாக உட்கார வேண்டும். வலது இடுப்பில் உட்கார். உட்கார் ஜுலைகா. ஆ. அங்கேதான் அது இருக்கிறது, கதவுக் கீலில் மணல் விழுந்த மாதிரி. காலையில் ஒரு மாத்திரை போட்டேன், பண்ணைக் கூட்டாளி ஹெப்சிபா பார்க்காதபோது இன்னொன்றும் போட்டேன். கோயம்புத்தூர் எலும்பு டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டி, "இடுப்பு மூட்டு தேஞ்சுபோச்சும்மா, மாத்தித்தான் ஆகணும், அதுவரைக்கும் குதிரை ஏற வேண்டாம்" என்றார். சரி டாக்டர் என்றேன். சரி என்று சொல்லிவிட்டு மறுநாள் ஏறினேன். போகட்டும், இப்போது அதை நினைக்காதே, பார், எப்படித் தாண்டுகிறான் பார், பட்டுத்துணி மடிகிற மாதிரி, இடது முன்னங்கால் வலதைத் தாண்டி, இடது பின்னங்கால் வலதைத் தாண்டி, தட், தட், தட், தட், த… என்ன அது. என்ன அது இப்போது. ஏதாவது இடறிற்றா. மணலில் ஒரு பள்ளமா. தட், தட், தட், தட். ஒன்றுமில்லை. நன்றாகத்தான் போகிறான். இல்லை, ஒன்று இருந்தது, வலது பின்னங்கால் இறங்கும்போது ஒரு நூலளவு தாமதம், பாடிக்கொண்டிருப்பவர் எச்சில் விழுங்குகிற மாதிரி. ஒரே ஒரு தடவைதான். யாரும் பார்த்திருக்க முடியாது. நான் பார்க்கவில்லையே, கேட்டேன், கேட்கக்கூட இல்லை, என் வலது உட்காரெலும்புக்குக் கீழே அது வரவேண்டிய நேரத்தில் வரவில்லை, படிக்கட்டில் கடைசிப் படி இருக்கிறதென்று கால் வைத்து அங்கே தரை இருந்தால் வயிற்றில் ஒன்று விழுமே, அப்படி விழுந்தது. மூலை வருகிறது, திரும்பு, மெல்ல, தட், தட். இல்லை. போய்விட்டது. பயம்தான் இப்படிக் கால்களுக்குள் போய் ஒளிந்துகொள்கிறது.

நீளமான மூலைவிட்டம், பெரிய டிராட், இங்கேதான் இவன் பந்தயக் குதிரை என்பது தெரியும், விடு, கையை முன்னால் கொடு, போ மகனே. போகிறான். முன்னங்கால்கள் காற்றை அள்ளி எறிகின்றன, பந்தலில் யாரோ ஆவென்று சொன்னது காதில் விழுகிறது, இந்தக் கழுத்து, இந்தக் கழுத்தை யாரும் கட்டி வளைக்கவில்லை, தானாக எழுந்து தானாக வளைந்த கழுத்து, முகவாய் நெஞ்சைத் தொடவில்லை, நாக்கு நீலமாக இல்லை. நீல நாக்கு. ஜெர்மனியில் ஒரு பெரிய லாயம், இருபத்தாறு வயது எனக்கு, சாணி அள்ளவும் சேணம் துடைக்கவும் அத்தாவிடம் அழுது அனுமதி வாங்கிப் போயிருந்தேன். பதக்கங்கள் வாங்கிய முதலாளி, அவர் ஏறினால் பார்க்கிறவர்கள் எழுந்து நிற்பார்கள். ஒரு மதியம் அவர் ஒரு பெண்குதிரையின் முகவாயை நெஞ்சோடு சேர்த்து இழுத்துப் பிடித்துக்கொண்டு சுற்றிச் சுற்றி ஓட்டுகிறார், மூக்குப்பட்டை எலும்பில் பதிந்திருக்கிறது, வாயோரத்தில் நாக்கு தொங்குகிறது, நாவல்பழம் தின்ற நாக்கு மாதிரி நீலம். விருந்தாளிகள் காபி குடித்துக்கொண்டு பார்க்கிறார்கள். நான் மணலுக்குள் நடந்துபோய்க் குதிரைக்கு முன்னால் நின்றேன். அவர் நிறுத்தினார். நான் மூக்குப்பட்டையின் கொக்கியைக் கழற்றினேன். "உனக்கு இங்கே வேலையில்லை" என்றார். "ஆமாம், எனக்கு இங்கே வேலையில்லை" என்றேன், எனக்குத் தெரிந்த கொச்சை ஜெர்மனில். பெட்டியைத் தூக்கிக்கொண்டு பேருந்து நிறுத்தத்தில் நின்றபோதுதான் அழுகை வந்தது. அங்கிருந்து ஒரு கிராமத்தில் ஹெட்விக் என்ற அம்மாளிடம் போய்ச் சேர்ந்தேன், அவரிடம் மூன்று கிழக் குதிரைகள்தான் இருந்தன, சாட்டையே கிடையாது, அந்த மூன்று குதிரைகளும் எனக்குக் கற்றுக்கொடுத்ததைத்தான் பத்து வருடம் கழித்து ஊருக்குக் கொண்டுவந்தேன். கொண்டுவந்து என்ன. ஒவ்வொரு போட்டியிலும் ஏறும் முன்னால் குதிரைகளின் மூக்குப்பட்டைக்குள் இரண்டு விரல் நுழைகிறதா என்று பார்க்க வேண்டும் என்று சண்டை போட்டேன், நானே வெயிலில் நின்று பார்த்தேன். ஒருவர் கத்தினார், "என் குதிரையைத் தொட நீங்க யாருங்க?" "நான் உங்க குதிரையைத் தொடலைங்க, அந்தப் பட்டையைத்தான் தொடறேன்." ரெண்டு விரல் பேகம் என்று பெயர் வைத்தார்கள். கேலியாக வைத்தார்கள். இப்போது எங்கள் போட்டிகளில் அது விதி. இன்று காலை ஒரு சின்னப் பெண் தன் குதிரையின் பட்டைக்குள் தானே விரல் விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள், ஏன் என்று அவளுக்கு யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள், செய்தாள், அவ்வளவுதான், நான் அந்தப் பக்கம் திரும்பாமல் நடந்தேன், திரும்பினால் முகம் காட்டிக்கொடுத்துவிடும்.

த… மறுபடியும். இந்த முறை சந்தேகமே இல்லை. டிராட்டைச் சுருக்கி உயர்த்திக் கொண்டுபோகிற நடை இது, ஒவ்வொரு அடிக்கும் அந்தரத்தில் ஒரு கணம் கூடுதலாகத் தங்குவான், தங்கி இறங்கும்போது வலது பின்னங்கால் ஒரு நூல் பிந்துகிறது. நடுவர் மணி அடிக்கவில்லை. குதிரை நொண்டுவது தெரிந்தால் அவரே மணியடித்து வெளியே அனுப்பிவிடுவார், அடிக்கவில்லை, ஆக அவர்களுக்குத் தெரியவில்லை. தெரியாது. கோப்பை வரைக்கும் யாருக்கும் தெரியாது. வலிக்கிறதாடா? காதைப் பார்க்கிறேன். ஒரு காது முன்னால், ஒரு காது என்மேல். வாலில் விறைப்பில்லை, வாய் மென்மையாகத்தான் இருக்கிறது, நுரை வெள்ளையாக உதட்டில் இருக்கிறது, வலியிருந்தால் இப்படி இருக்கமாட்டான். வலியிருந்தாலும் இப்படித்தான் இருப்பான், இவன் என்னை நம்புகிற குதிரை, நம்புகிற குதிரைகள்தான் வலியை மறைக்கும், அதுதான் இருப்பதிலேயே கொடுமை. தட், தட், தட், த. எத்தனை அடிக்கு ஒரு தடவை வருகிறது என்று பார்க்கப் போகிறேன், பார்க்க முடியவில்லை, பார்க்க நினைத்தாலே உடம்பு இறுகுகிறது, இறுகினால் அது கூடுகிறது. கூடுகிறதா? நான் இறுகினால் கூடுகிறதா? ஏன் நான் இறுகினால் அது கூட வேண்டும்? ஒரு தசைநார் விட்டுப்போயிருந்தால் அது என்னைக் கேட்டா விட்டுப்போகும்.

நடை. அல்லாவே, நல்ல வேளை, இப்போது சாதாரண நடை, லகானை நீளமாக விட்டு மூலைவிட்டம் முழுவதும் ஒரு நிம்மதியான நடை. நடையில் தெரியவில்லை, நாலு தாளமும் சமமாக விழுகிறது. இங்கே யோசித்துக்கொள்ளலாம், இந்தக் கோடு முடிவதற்குள் யோசித்துவிட வேண்டும், முடிந்ததும் கேன்டர், மூன்று தாளத்தில் பாய்கிற ஓட்டம், கேன்டரில் பின்னங்கால்கள் மேல் மொத்தக் கனத்தையும் ஏற்றிக்கொண்டு நின்ற இடத்திலேயே சுழல வேண்டும், அங்கே மட்டும் ஏதாவது ஆனால்… அதை முடிக்காதே. அவனுடையதா, என்னுடையதா, அதைச் சொல். அவன் காலில் ஏதோ இருக்கிறது என்று வை. நேற்று இரவு தடவிப் பார்த்தேனே, காலையிலும் தடவினேனே, சூடு இல்லை, வீக்கம் இல்லை. சரி, என்னுடையது என்று வை. இந்த இடுப்பு திறக்கவில்லை, வலது பக்கம் ஒரு கட்டையாக அவன் முதுகில் கிடக்கிறது, அவனுடைய வலது பின்னங்கால் முன்னால் வரும்போதெல்லாம் என் எலும்பு கதவைச் சாத்துகிறது, வந்துவிட்டுப் பாதியில் நிற்கிறான் பாவம். அப்படியானால் காலில் ஒன்றுமில்லை, தைரியமாகப் போகலாம். போகலாமா? யாருடைய தைரியம் அது? அவனுடையது என்றால் நிறுத்தியாக வேண்டும், இரண்டாம் பேச்சில்லை. என்னுடையது என்றால் நான்தான் அவனை வலிக்கச் செய்துகொண்டிருக்கிறேன், அந்த ஜெர்மன்காரன் கையால் செய்ததை நான் இடுப்பால் செய்கிறேன், அப்போதும் நிறுத்தியாக வேண்டும். எப்படிப் புரட்டினாலும் அதே இடத்தில்தான் வந்து நிற்கிறது. ஆனால் கோப்பை. நான் ஆசைப்படாதவள் மாதிரி நடிக்கவேண்டாம், எனக்கு அந்தக் கோப்பை வேண்டும், சாகும் வரை மேஜையில் வைத்துக்கொண்டு பார்க்க வேண்டும், இழுக்காமல் அடிக்காமல் கட்டாமல் ஜெயித்தேன் என்று பேசாமல் பேச வேண்டும். இன்னும் நாலைந்து அசைவுகள்தான் பாக்கி. யாருக்கும் தெரியாது. ஹெப்சிபாவுக்குத் தெரியாது, நடுவருக்குத் தெரியாது. கார்மேகத்துக்குத் தெரியும். இவனுக்கு மட்டும்தான் தெரியும், இவன் வாய் திறந்து யாரிடமும் சொல்லப்போவதில்லை, சொல்லமாட்டான் என்பதற்காகவே ஒருவனிடம் ஒன்றைச் செய்யலாம் என்றால் நான் இத்தனை வருடம் யாரோடு சண்டை போட்டேன். அத்தா ஒருமுறை கடைப்பையனிடம் சொன்னது நினைவுக்கு வருகிறது, "பூட்டை உடைக்கிறவன் திருடன், திறக்கிறவன்தான்டா தொழில்காரன்." கோடு முடிகிறது. லகானைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். சேர்க்கவில்லை.

நடுக்கோட்டுக்குத் திருப்பினேன். நடுவில் வந்ததும் மூச்சை நிறுத்தினேன், நின்றான், அதே மேஜை மாதிரி நின்றான். லகானை ஒரு கையில் எடுத்தேன். தலைமை நடுவர் பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். வலது கையைத் தொங்கவிட்டுத் தலை குனிந்தேன். ஆட்டத்தின் பாதியில் இப்படி வணங்கினால், போட்டியிலிருந்து விலகுகிறேன் என்று அர்த்தம். பந்தல் துணி காற்றில் படபடத்தது. அந்த ஹாலந்து அம்மாள் எழுந்து நின்றார், ஏதோ கேட்க வந்தவர் மாதிரி வாயைத் திறந்தார், பிறகு கேட்காமல் நெஞ்சில் கை வைத்துத் தலையசைத்தார். லகானை முழுவதும் விட்டேன். கார்மேகம் கழுத்தை நீட்டி, மூக்கை மணலுக்குக் கொண்டுபோய்ப் புர்ரென்று ஊதினான், வேலை முடிந்தது என்று அவனுக்குச் சந்தோஷம். என் உடம்பு வெறுமையாக இருந்தது, அழுகை வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை, அதற்குப் பதிலாக முதுகு நிமிர்ந்தது. கோப்பையோடு வெளியே வந்திருந்தாலும் இதைவிட நிமிர்ந்திருக்குமா தெரியாது. வாசலில் ஹெப்சிபா ஓடிவந்தாள். பண்ணையை என்னோடு சேர்ந்து நடத்துகிறவள், தடை தாண்டல் போட்டிகளில் பெயர் வாங்கிவிட்டு, தாண்டல் போதும் என்று தானாக என்னிடம் வந்தவள், என்னோடு தினமும் வாதாடுகிறவள். "என்னாச்சுங்க்கா? நல்லாத்தானே போய்ட்டிருந்துச்சு! போர்டுல நம்மதான் மேல இருந்தோம்!" என்றாள். அவள் முகம் வெளுத்திருந்தது. "வலது பின்னங்கால்" என்றேன். "எனக்கு ஒண்ணுமே தெரியலையே." "எனக்குத் தெரிஞ்சுது. டாக்டரைக் கூப்பிடு." அவள் லகானைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு, "இறங்குங்க" என்றாள், வேறு குரலில். இறங்கும்போது வலது காலைச் சேணத்துக்கு மேலே தூக்க முடியவில்லை. இரண்டு தடவை முயன்று, மூன்றாம் தடவை கையால் தொடையைப் பிடித்துத் தூக்கிப் போட்டேன். அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

போட்டிக்கான கால்நடை டாக்டர் குருபரன், சென்னைக்காரர், அதிகம் பேசாதவர். கல் பாவிய இடத்தில் குதிரையை நடக்க வைத்தார், ஓட வைத்தார், வட்டமாக இரண்டு பக்கமும் ஓட வைத்தார். ஒவ்வொரு காலாக மடித்துப் பிடித்து, விட்டு, ஓடச் சொன்னார். குளம்பைக் குறடால் அழுத்தினார். தசைநாரை மேலிருந்து கீழாகக் கட்டைவிரலால் வருடினார், கார்மேகம் கொட்டாவி விட்டான். நான் வேப்பமரத்தில் சாய்ந்துகொண்டு ஒவ்வொரு முறையும் அந்த வலது பின்னங்காலையே பார்த்தேன். தட், தட், தட், தட். கடிகாரம் மாதிரி. டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "மேடம், குதிரைகிட்ட ஒண்ணுமே இல்ல. இந்த ரெண்டு நாள்ல நான் பார்த்த குதிரைங்கள்லயே இதுதான் சுத்தமான கால்." ஹெப்சிபா கண்ணை மூடிக்கொண்டாள். ஒன்றுமில்லாததற்காகக் கோப்பையை விட்டுவிட்டு வந்திருக்கிறேன் என்று அவள் நினைத்திருப்பாள், நானும் ஒரு கணம் நினைத்தேன். டாக்டர் இன்னும் நின்றுகொண்டிருந்தார். "மேடம், தப்பா எடுத்துக்கலைன்னா, அந்தத் தண்ணித் தொட்டி வரைக்கும் நடந்துட்டு வாங்களேன்" என்றார். நடந்தேன். மறைக்க நினைத்தேன், மாத்திரைகளின் வீரியம் தீர்ந்துபோயிருந்தது, மறைக்க வரவில்லை. திரும்பி வந்தபோது அவர் சிரிக்கவில்லை. "வலது பக்கம்" என்றார். "ஆமா டாக்டர்." "எவ்வளவு நாளா?" "கொஞ்ச நாளா." "கொஞ்ச நாள் இல்ல மேடம். நொண்டுறது குதிரை இல்ல, நீங்க." ஹெப்சிபா கோபத்தில் அந்தப் பக்கம் திரும்பி நின்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, உண்மையாகவே சிரித்தேன், என்னவொரு குதிரை பாருங்கள், என் இடுப்பு போய்விட்டதை எலும்பு டாக்டர் படம் எடுத்துச் சொன்னார், இவன் படம் எடுக்காமல் சொல்லியிருக்கிறான், என் வலியைத் தன் காலில் போட்டுக் காட்டியிருக்கிறான், அத்தனை கவனமாக என்னைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான். அப்படிக் கேட்கிற ஒருவனை உண்டாக்கியது யார். "சும்மா உறுதி பண்ணிக்க" என்றார் டாக்டர், "வேற யாராவது ஏறி ஓட்டினா பார்த்துடலாம்."

ஹெப்சிபா என்னைப் பார்த்தாள். இவன்மேல் என்னைத் தவிர யாரும் ஏறியதில்லை. நான் தடுத்ததில்லை, கேட்டவர்களும் இல்லை, இவனும் நானும் என்று ஆகிப்போயிருந்தது. "ஏறு" என்றேன். அங்கவடியை அவள் உயரத்துக்குத் தகுந்த மாதிரி நானே இறக்கிவிட்டேன். அவள் ஏறி உட்கார்ந்ததும் கார்மேகம் திரும்பி அவள் பூட்ஸை முகர்ந்தான், பிறகு என்னைப் பார்த்தான், போடா என்றேன், போனான். பயிற்சி மைதானத்தில் முதலில் நடை, பிறகு டிராட். தாளம் ஒரே சீராக விழுந்தது, எங்கும் பிந்தவில்லை, டாக்டர் தலையசைத்துவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார், அவர் வேலை முடிந்தது. என் வேலையும் முடிந்தது என்று தெரிந்தது, இனி இவன்மேல் நான் ஏறப்போவதில்லை, அறுவை சிகிச்சை ஆனாலும் ஏறப்போவதில்லை, அது துக்கமாக வரும் என்று நினைத்தேன். வரட்டும், இன்னொரு நாள் வரும். இப்போது அதற்கு இடமில்லை, ஏனென்றால் ஹெப்சிபா அந்த உயர்த்திய நடையைக் கேட்டாள், அவனும் கொடுத்தான். நான் வேலியைப் பிடித்துக்கொண்டேன். இத்தனை வருடமும் நான் மேலே இருந்தேன். காதுகளுக்கு நடுவே தெரிகிற ஒரு துண்டு உலகம், தொடைக்குக் கீழே ஒரு முதுகு, இதுதான் நான் கண்ட கார்மேகம். வீடியோவில் பார்த்திருக்கிறேன், அதில் என் தோளையும் என் கையையும் குறை சொல்லிக்கொண்டே பார்த்திருக்கிறேன், அவனைப் பார்த்ததில்லை. இப்போது முழு உருவமாக வருகிறான், பின்னங்கால்கள் வயிற்றுக்குக் கீழே நுழைந்து மொத்த உடம்பையும் தூக்கிக்கொடுக்கின்றன, முதுகு அலையாக எழுந்து கழுத்தில் போய் முடிகிறது, வாயில் லகான் ஒரு நூல்போலத் தொய்ந்து ஆடுகிறது, வெளுத்துத் தடித்திருந்த அந்த வாயோரத்தில் வெள்ளை நுரை, ஒவ்வொரு அடிக்கும் மண்ணை விட்டு எழுந்து, இறங்குவதா வேண்டாமா என்று யோசிப்பவன் மாதிரி அந்தரத்தில் தங்கி, பிறகுதான் இறங்குகிறான். பக்கத்து மைதானத்தில் ஓட்டிக்கொண்டிருந்த இரண்டு பேர் நிறுத்திவிட்டார்கள். டீ கொண்டுவந்த ஆள் தட்டோடு நின்றுவிட்டார். இதையா நான் செய்தேன்? இதைத்தான் செய்தேன். இந்த நாட்டில், இந்தக் கைகளால், ஒரு தடவைகூட அடிக்காமல் இதைச் செய்தேன். ஹெப்சிபா நிறுத்தினாள். அவள் அழுதுகொண்டிருந்தாள், குதிரையின் கழுத்தில் முகத்தைப் புதைத்துவிட்டு நிமிர்ந்து, "அக்கா, கால்ல ஒண்ணும் இல்லதானே? இறங்கட்டுமா?" என்றாள். வாயைத் திறந்தால் குரல் உடையும் என்று தெரிந்தது, உடைந்தால் உடையட்டும் என்று கத்தினேன்.

"இறங்காத ஹெப்சி! இன்னொரு சுத்து போ. நான் இப்பத்தான் பார்க்கறேன்."